மூடிய இடைவெளியும் கேளாத காதும்

காதில் ஓர் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. சில மாதங்கள் கழித்து மருத்துவர் நோயாளியின் தாளில் "நல்ல பலன்" என்று எழுதுகிறார். வாசகர்களே, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கண் அறுவைக்குப் பின் கட்டை அவிழ்த்ததும் நோயாளி சுவரில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டுகிறார். வெற்றியா தோல்வியா என்பது அவருக்கே தெரிந்துவிடுகிறது. காதின் கதை வேறு. இங்கே தீர்ப்புச் சொல்வது ஒரு வரைபடம். அதை எப்படிப் படிப்பது, எந்த எண்ணை எந்த எண்ணிலிருந்து கழிப்பது என்பதற்கு மருத்துவ உலகம் விதிகளை வகுத்து வைத்திருக்கிறது. அவற்றுள் உலகெங்கும் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எங்கே நேர்மையாக நிற்கிறது, எங்கே நம்மைப் போன்ற ஊர்க்காரர்களைக் கைவிடுகிறது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

இதை எழுதத் தூண்டியவர் என் சித்தப்பா. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்து, அருப்புக்கோட்டையில் விசைத்தறியில் கூலிக்கு நெய்து காலம் தள்ளியவர். சிறு வயதிலேயே அவருக்கு வலது காதில் சீழ் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், கோழி இறகு, தீக்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு. சீழ் நிற்பதும் வருவதுமாக முப்பது ஆண்டுகள் ஓடின. பிறகு ஒரு மருத்துவமனையில் செவிப்பறையின் ஓட்டையை ஒட்டுப் போட்டு மூடினார்கள். சீழ் நின்றது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, "இடைவெளி 10 டெசிபல், நல்ல பலன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். கோப்பும் மூடப்பட்டது.

ஆனால் வீட்டில் சித்தியின் குரல் மட்டும் தணியவில்லை. "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் எத்தனை தடவதான் கத்துறது?" என்பார். தாளில் எழுதியது பொய்யா, சித்தி சொல்வது பொய்யா? இரண்டுமே உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

ஒலி செல்லும் இரு வழிகள்

முதலில் காதின் அமைப்பைச் சற்றே நினைவுகூர்வோம். வெளியிலிருந்து வரும் ஒலி அலைகள் செவிப்பறையை அசைக்கின்றன. அந்த அசைவு சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்செவியை அடைகிறது. உட்செவியில் திரவம் நிறைந்த நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அங்குள்ள நுண்ணிய மயிரணுக்களே அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. செவிப்பறையின் பரப்பு, அங்கவடி எலும்பின் அடித்தட்டைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. ஆகவே பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிந்து அழுத்தம் பெருகுகிறது. பறையில் ஓட்டை விழுந்தாலோ, எலும்புச் சங்கிலி அறுந்தாலோ, இந்தப் பெருக்கம் போய்விடும். இது 'கடத்தல் குறை'. மயிரணுக்களோ நரம்போ கெட்டால் அது 'உட்செவிக் குறை'.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய உபாயம் உண்டு. காதுக்கு எதிரே ஒலியை வைத்தால் அது மேற்சொன்ன வழியே செல்கிறது. இது காற்று வழி. காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேல் அதிர்வை வைத்தால் அது மண்டையோட்டின் வழியே நேராக உட்செவிக்குச் செல்கிறது. இது எலும்பு வழி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் தட்டிப் பார்த்த அதே இசைக்கவையைக் கொண்டு, இவ்விரண்டையும் ஒப்பிடும் சோதனையை 1855இல் ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இன்றும் காது மருத்துவர் முதலில் எடுப்பது இசைக்கவையைத்தான்.

பிற்காலத்தில் மின்சாரக் கேள்திறன்மானி வந்தது. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எவ்வளவு என்பதை அது டெசிபலில் தருகிறது. நல்ல காதுடைய இளைஞர்களுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியின் சராசரியே பூஜ்யம். எண் ஏற ஏறக் கேள்திறன் குறைவு என்று கொள்க. டெசிபல் மடக்கைக் கணக்கில் அமைந்தது. 10 டெசிபல் என்றால் ஒலிச் செறிவு 10 மடங்கு, 20 என்றால் 100 மடங்கு, 30 என்றால் 1000 மடங்கு. காற்று வழியில் கிடைக்கும் எண்ணிலிருந்து எலும்பு வழியில் கிடைக்கும் எண்ணைக் கழித்தால் வருவதே 'இடைவெளி'. கடத்தல் குறை எவ்வளவு என்பதை அது காட்டும். அறுவை மருத்துவரால் மூடக்கூடியது இந்த இடைவெளியை மட்டுமே. இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1995இன் அளவுகோல்

1950களில் காது அறுவை வேகமாக வளர்ந்தது. ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் ஆகியோர் செவிப்பறைச் சீரமைப்பை முறைப்படுத்தினர். 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷே இறுகிப்போன அங்கவடி எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு பொருத்தினார். ஒவ்வொருவரும் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆனால் ஒருவர் கழித்த முறையில் மற்றவர் கழிக்கவில்லை. ஒருவர் மூன்று அதிர்வெண்களின் சராசரியை எடுத்தார், மற்றவர் நான்கை எடுத்தார். ஒருவர் ஆறு வாரத்தில் அளந்தார், இன்னொருவர் இரண்டாண்டில் அளந்தார். மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறாக இருந்தால் தானிய வியாபாரம் எப்படி நடக்குமோ அப்படி நடந்தது ஒப்பீடு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 'கேள்வி மற்றும் சமநிலைக் குழு' 1995இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. கடத்தல் குறைக்கான சிகிச்சையின் பலனை எப்படி அறிவிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 500, 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களின் சராசரியை எடுக்க வேண்டும். அறுவைக்குப் பின் எஞ்சிய இடைவெளியைச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியைக் கணக்கிடும்போது காற்று வழி அளவும் எலும்பு வழி அளவும் ஒரே சமயத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். உட்செவிக்கு ஊறு நேர்ந்ததா என்பதைக் காட்ட 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் எலும்பு வழி அளவு எவ்வளவு மாறியது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். ஓராண்டேனும் கழித்து அளக்க வேண்டும். இவை அதன் சாரம்.

ஒரே சமயத்து அளவுகள் வேண்டும் என்ற விதியின் அருமையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். அங்கவடி எலும்பு இறுகிப்போனவர்களுக்கு, உட்செவி நன்றாக இருந்தும், எலும்பு வழிக் கேள்வி 2000 ஹெர்ட்ஸ் அருகில் சற்றே தாழ்ந்து காட்டும். இதை 1950இல் கார்ஹார்ட் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். அறுவைக்குப் பின் எலும்பு விடுபட்டதும் அந்தத் தாழ்வு தானே மறையும். அறுவைக்கு முந்தைய எலும்பு வழி எண்ணை வைத்துக்கொண்டு, பிந்தைய காற்று வழி எண்ணை அதனுடன் ஒப்பிட்டால் என்ன ஆகும்? இடைவெளி முழுதும் மூடியதுபோலவும், சில வேளை பூஜ்யத்தையும் தாண்டி மூடியதுபோலவும் தோன்றும். பழைய அறிக்கைகள் பலவற்றில் மினுக்கிய வெற்றிகளில் ஒரு பகுதி இப்படி வந்ததே. இந்த மினுக்கலைத் துடைத்தெறிந்தது 1995இன் வழிகாட்டி. 3000 ஹெர்ட்ஸைச் சேர்த்ததும் பாராட்டத்தக்கதே. அதன் காரணத்தைப் பின்னால் காண்போம்.

சித்தப்பாவின் எண்கள்

இனி இந்த அளவுகோலை எங்கள் சித்தப்பாவின் காதில் வைத்துப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். அறுவைக்கு முன் வலது காதில் காற்று வழிச் சராசரி 65, எலும்பு வழி 30, இடைவெளி 35. அறுவைக்குப் பின் காற்று வழி 50, எலும்பு வழி 40, இடைவெளி 10. முப்பத்தைந்து பத்தாகிவிட்டது. 10 டெசிபலுக்குள் இடைவெளி மூடினால் அதை நல்ல முடிவு என்று கொள்வது மருத்துவ வழக்கம். ஆகவே "நல்ல பலன்" என்று எழுதியதில் பொய்யில்லை.

ஆனால் கூர்ந்து கவனியுங்கள். இடைவெளி 25 டெசிபல் குறைந்திருக்கிறது. காதின் கேள்திறன் கூடியதோ 15 டெசிபல்தான். மீதி 10 எங்கே போயிற்று? எலும்பு வழி எண் 30இலிருந்து 40க்கு ஏறியதில் போயிற்று. உட்செவி சற்றுக் கெட்டதாலும் இடைவெளி குறைந்திருக்கிறது! சுவர் தாழ்ந்ததால் மட்டுமன்று, தரை உயர்ந்ததாலும் சுவரின் உயரம் குறைந்து தெரிகிறது. எலும்பு வழி மாற்றத்தைத் தனியே எழுத வேண்டும் என்று வழிகாட்டி சொன்னது இதற்காகவே. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் அதைப் பின்பற்றுகிறார்கள். நோயாளியின் கைக்கு வந்த தாளிலோ இடைவெளி ஒன்றுதான் இருந்தது. ஆகவே அந்தக் குறைவு அறுவையால் வந்ததா, தறியால் வந்ததா, முன்பு செய்த சோதனையின் பிழையா என்று இன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இது வழிகாட்டியின் குற்றமன்று, அதைப் பாதி மட்டும் கைக்கொண்டதன் குற்றம். ஆனால் வழிகாட்டிக்கே உரிய குறை ஒன்று உண்டு. அது ஒரு காதை மட்டும் பார்க்கிறது. மனிதன் இரண்டு காதுகளால் கேட்கிறான். அறுவைக்குள்ளான காது, நல்ல காதைவிட மிகவும் பின்தங்கியே நின்றால், அவன் வாழ்க்கையில் மாற்றம் எதுவும் தெரியாது.

இதைப் பத்தாண்டு முன்னதாகவே, 1985இல், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர ஆய்வாளர்கள் ஸ்மித், பேட்டர்சன் இருவரும் எடுத்துக்காட்டினர். நோயாளியும் அறுவை மருத்துவரும் பலனைப் பற்றி ஒத்துப்போகிறார்களா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அறுவைக்குப் பின் அந்தக் காதின் காற்று வழிச் சராசரி 30 டெசிபலுக்குள் வர வேண்டும், அல்லது மற்றக் காதுக்கு 15 டெசிபலுக்குள் நெருங்க வேண்டும், அப்போதுதான் நோயாளி நன்மையை உணர்வார் என்று அவர்கள் ஒரு கைக்கணக்குச் சொன்னார்கள். 1991இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த பிரவுனிங்கும் அவர் தோழர்களும் இரு காதுகளின் எண்களையும் ஒரே கட்டப் படத்தில் குறித்து, ஒருவர் அறுவையால் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தார் என்று காட்டும் முறையை வகுத்தார்கள். 1995இன் வழிகாட்டி இவற்றுக்குப் பின் வந்தும், இடைவெளியையே நடுநாயகமாக வைத்தது.

சித்தப்பாவின் இடது காதின் சராசரி 30. வலது காது 50. வேறுபாடு 20. பெல்பாஸ்ட் கணக்கின்படி அவர் இரண்டு வாசல்களில் ஒன்றையும் தாண்டவில்லை. சித்தி சொன்னதைப் பெல்பாஸ்ட் ஆய்வாளர்களும் சொல்லியிருப்பார்கள்.

சராசரி மறைப்பது

சராசரி என்ற சொல்லையும் சற்று உரித்துப் பார்க்க வேண்டும். அறுவைக்குப் பின் சித்தப்பாவின் வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 30, 1000இல் 35, 2000இல் 60, 3000இல் 75. கூட்டினால் 200, நான்கால் வகுத்தால் 50. எல்லா அதிர்வெண்ணிலும் 50 இருக்கும் ஒருவருக்கும் சராசரி 50தான். ஆனால் இவ்விருவரும் கேட்கும் உலகங்கள் வேறு. பழைய வழக்கப்படி 3000 ஹெர்ட்ஸை விட்டுவிட்டு மூன்றின் சராசரி எடுத்தால் 42 என்று வரும். ஓர் எண்ணை விட்டதற்கே 8 டெசிபல் பரிசு! 3000ஐ 1995இல் சேர்த்தது ஏன் நேர்மையான செயல் என்பது இப்போது விளங்கும்.

உயர் அதிர்வெண்கள் ஏன் இவ்வளவு கெட்டன? தறிதான் காரணம். விசைத்தறியில் நாடா இருபுறமும் அடிபட்டுப் பாயும் ஓசை ஒரு நொடி ஓய்வதில்லை. பல தறிகள் சேர்ந்து ஓடும் கூடத்தில் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சணல் நெசவாளரின் காதுகளை ஆராய்ந்து 1965இல் வெளியான ஆய்வு புகழ்பெற்றது. அங்கும் கூடத்து ஒலி 100 டெசிபலை ஒட்டியே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே 4000 ஹெர்ட்ஸ் அருகில் கேள்வி பெருமளவு போய்விடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் சத்தத்துக்கிடையே உதட்டசைவால் பேசப் பழகியிருந்தார்கள். நம் தறிக்கூடங்களிலும் 'பாவு அறுந்தது', 'தார் தீர்ந்தது' என்பதற்குக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

தமிழில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, த, ப என்ற வல்லின ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் குறிப்புகளோ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. 'பட்டு', 'தட்டு', 'கட்டு' என்று மூன்று சொற்களைச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு மூன்றும் 'அட்டு' என்றே விழும். ஆள் பேசுவது தெரியும், பேச்சு தெரியாது. "கேக்குது, ஆனா விளங்கல" என்று அவர் சொல்வதன் பௌதிகம் இதுவே. அவருடைய இடது காதும் 500, 1000 ஹெர்ட்ஸில் 15, 2000இல் 35, 3000இல் 55 என்று சரிந்தே நிற்கிறது. அவருக்கு இருந்தவை இரண்டு நோய்கள்: ஒன்று கிராமத்தில் வந்த சீழ், மற்றொன்று தறிக்கூடத்தில் வந்த இரைச்சல் செவிடு. அறுவை முதல் நோயைத் தீர்த்தது. அளவுகோலும் அந்த முதல் நோயை மட்டுமே அளந்தது.

ஒலியா, சொல்லா?

ஆகவே சிகிச்சையின் பலனை அளக்கத் தூய தொனி மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். குறிப்பிட்ட சொற்களை வசதியான உரப்பில் ஒலிக்கச் செய்து, நூற்றுக்கு எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று எண்ணும் சோதனை வெகுகாலமாகவே உண்டு. அதே அமெரிக்கக் கழகத்தின் குழு 2012இல் ஒரு புதிய அறிக்கை முறையை ஏற்றது. அதன்படி ஒவ்வொரு நோயாளியின் தொனிச் சராசரியையும் சொல்லறியும் விழுக்காட்டையும் ஒரே படத்தில் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். கூட்டத்தின் சராசரிக்குள் தனி மனிதர் மறைந்துபோகாதிருக்க இது நல்ல ஏற்பாடு. 1995இல் விட்ட இடத்தை 2012இல் பிடித்தார்கள் என்றே சொல்லலாம்.

ஆனால் சொல் என்றதும் மொழி வந்துவிடுகிறது. தமிழில் இத்தகைய சொற்பட்டியல்கள் இல்லாமலில்லை. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேள்வி நிறுவனத்தில் 1970களிலேயே மாணவர் ஆய்வாக அவற்றை உருவாக்கியிருக்கிறார்கள். பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. அருப்புக்கோட்டையில் நெசவுத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள தேவாங்கர் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு கன்னடம். கரிசல் கிராமத்துப் பாட்டிக்கு நூல் தமிழ்ச் சொல் புதிது. கேளாததால் தவறினாரா, சொல் தெரியாததால் தவறினாரா என்று பிரிக்க முடியாத சோதனை சோதனையாகாது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணுப் பெயர்களை இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கச் செய்து சோதிக்கும் முறை நெதர்லாந்து முதலிய நாடுகளில் பயனுக்கு வந்திருக்கிறது. எண்ணுப் பெயர் தெரியாத நெசவாளரோ சந்தை வியாபாரியோ இல்லை. நம் ஊர்களுக்கு இந்த வழியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

சோதனை அறையும் வராத நோயாளியும்

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. அவை அளவுகோலில் இல்லை, அளக்கும் இடத்தில் இருக்கின்றன.

முதலாவது அறை. கேள்திறன் சோதனைக்கு நிசப்தமான அறை வேண்டும். கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் முகாம் நடத்தும்போது பேருந்தின் உறுமலும் மின்விசிறியின் ஓசையும் மெல்லிய தொனிகளை, குறிப்பாகத் தாழ்ந்த அதிர்வெண்களை, விழுங்கிவிடும். காற்று வழிச் சோதனையில் காதுகளின் மேல் ஒலிபேசி மூடியிருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. எலும்பு வழிச் சோதனையில் காது திறந்தே இருக்கும். ஆகவே இரைச்சல் எலும்பு வழி எண்ணையே அதிகம் உயர்த்தும். அதனால் இடைவெளி குறைந்து தெரியும். அறுவைக்குப் பின் இரைச்சலான அறையில் சோதித்தால் இல்லாத வெற்றி உண்டாகலாம். முன் சோதனையை முகாமிலும் பின் சோதனையை நிசப்த அறையிலும் செய்தாலோ, அறைக்குச் சேர வேண்டிய புகழும் அறுவையின் கணக்கில் சேர்ந்துவிடும். சோதனை பெரும்பாலும் 5 டெசிபல் படிகளில் நடக்கிறது. அதே ஆளுக்கு மறுநாள் செய்தாலும் ஒரு படி ஏறலாம், இறங்கலாம் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, வராத நோயாளி. கணக்குக்காக ஒரு கற்பனை செய்வோம். நூறு பேருக்கு அறுவை நடந்தது. ஓராண்டு கழித்து வந்தவர் 60 பேர். அவர்களில் 48 பேருக்கு நல்ல பலன். அறிக்கையில் 80 விழுக்காடு வெற்றி என்று வரும். ஆனால் நூறு பேரில் நல்ல பலன் என்று உறுதியாகத் தெரிந்தவர் 48 பேர்தாம். மீதி 40 பேரைப் பற்றி எதுவும் தெரியாது. நன்றாகக் கேட்டுவிட்டதால் வராதவர் உண்டு. மீண்டும் சீழ் வந்து, வெறுத்து, வேறிடம் போனவரும் உண்டு. அடிக்கணக்கில் கூலி வாங்கும் நெசவாளருக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள் அடுப்பெரியாத நாள். ஐப்பசியில் மழை விழுந்து கரிசல் ஈரமானால் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி காதைப் பார்ப்பாரா, விதைப்பைப் பார்ப்பாரா? எத்தனை பேர் வரவில்லை என்பதை எழுதாத வெற்றிக் கணக்கு பாதிக் கணக்கே.

இந்த இடத்தில் ஒரு நல்ல உதாரணத்தையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு உட்செவியில் மின்கருவி பொருத்தும் சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் நடக்கிறது. அதன் பலனை அளக்க இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஏணி ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. அதற்குப் பூஜ்யம் முதல் ஏழு வரை படிகள். சுற்றுப்புற ஒலியே தெரியாத நிலை பூஜ்யம். உதட்டைப் பாராமலே பழகிய சொற்றொடர்களைப் புரிந்துகொள்வது ஐந்தாம் படி. உரையாடலைப் புரிந்துகொள்வது ஆறாம் படி. தெரிந்தவரோடு தொலைபேசியில் பேசுவது ஏழாம் படி. தாயும் ஆசிரியையும்கூடக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். கருவி வேலை செய்கிறதா என்று கேட்டு நிறுத்தாமல், குழந்தை என்ன செய்கிறது என்று இந்த ஏணி கேட்கிறது. வளர்ந்தவர்களின் காதுக்கும் இத்தகைய கேள்வி ஏன் கூடாது?

எது வீணாயிற்று?

அறுவையே வீண் என்று யாரும் கருதிவிட வேண்டாம். முப்பது ஆண்டுச் சீழ் நின்றது பெரிய நன்மை. நாள்பட்ட காதுச் சீழ் சில வேளைகளில் மூளை வரை பரவி உயிருக்கே ஊறு செய்யக்கூடியது. இன்னொரு நன்மையும் உண்டு. சீழ் வடியும் காதில் கேட்புக் கருவியை நன்றாக அணிய முடியாது. உலர்ந்த காதில் அணியலாம். அறுவை அந்தக் கதவைத் திறந்து வைத்தது. ஆனால் "நல்ல பலன்" என்று எழுதிக் கோப்பை மூடியதால் அந்தக் கதவின் வழியே உள்ளே செல்லும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணத்துக்காகச் சோதித்த ஒருவர் முழு வரைபடத்தையும் பார்த்துவிட்டுத்தான் கருவியைப் பற்றிப் பேசினார். அந்த இரண்டு ஆண்டுகள்தாம் வீண். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அவருக்கு உதவாது. இரு காதுகளிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் அது அவரைக் கணக்கில் எடுக்கும். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். மருத்துவத் தாளிலோ குணமானவர்.

ஓர் அளவுகோல் எதை அளக்கிறதோ அதைத்தான் தொழில் கவனிக்கும். இடைவெளியை அளந்தால் இடைவெளி மூடும். கேள்வியை அளந்தால்தான் கேள்வி கூடும். 1995இன் வழிகாட்டி அறுவை மருத்துவரின் கைத்திறனை நேர்மையாக அளந்த கோல். அதை நோயாளியின் நலத்தை அளக்கும் கோலாக நாம் எடுத்துக்கொண்டதே பிழை.

எனவே வாசகர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது காது அறுவை நடந்தால், கூச்சப்படாமல் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முன்னும் பின்னும் எடுத்த முழு வரைபடங்களின் நகல். அறுவை நடந்த காதின் காற்று வழிச் சராசரி இப்போது எவ்வளவு. மற்றக் காதின் சராசரி எவ்வளவு. உயர் அதிர்வெண்களில் எலும்பு வழி எண் மாறியதா. சொற்சோதனையில் நூற்றுக்கு எத்தனை. இதைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. நல்ல மருத்துவர் மகிழ்ந்தே சொல்வார்.

ஆறாவது சோதனைக்குக் கருவியே வேண்டாம். நோயாளியை முதுகு காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்படியில் இருந்தபடி வழக்கமான குரலில், "பட்டு எடுக்கவா, தட்டு எடுக்கவா?" என்று வீட்டுக்காரி கேட்கட்டும். அவர் சரியான விடை சொன்னால் அது நல்ல பலன். சொல்லாவிட்டால், தாளில் என்ன எழுதியிருந்தாலும், வேலை இன்னும் மீதி இருக்கிறது என்றே பொருள்.